பின்வாசல் செருப்பு

எனக்கு வேண்டியிருந்தது பெரிய பொருள் ஒன்றுமில்லை. கையால் தொடாமல் காலை நுழைத்ததும் ஏறிக்கொள்ள வேண்டும். தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சேற்றில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்கக் கூடாது. திரும்பி வந்து படியில் காலை உதறினால் கழன்று விழ வேண்டும். தோட்டத்துக்குப் போய்விட்டு உடனே திரும்ப ஒரு செருப்பு, அவ்வளவுதான். அதற்காக ஒரு மழைக்காலத்தில் இடுப்பில் பிள்ளையோடு மதுரைக் கடைகளில் ஏறி இறங்கினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். என் கணவர் இப்போதும் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதன் மற்ற பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

என் கணவருக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. மகள் தவழத் தொடங்கிய சமயத்தில் நாகமலை புதுக்கோட்டையில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு கிடைத்துக் குடிவந்தோம். அவர் காலையில் சைக்கிளில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம், சந்துக்குள் சந்தாக இருந்த ஒரு வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் மண் என்றால் துளசித் தொட்டிக்குள் இருப்பதுதான். இங்கே அடுப்படிக் கதவைத் திறந்தால் எல்லாமே மண். அடிபம்பு, துவைக்கிற கல், வாழை, முருங்கை, கோடியில் வேலியோரமாக ஒரு கறிவேப்பிலை மரம். அதற்கு அப்பால் வெறும் காடு. அப்புறம் மலை.

வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா இருந்தார். கணவரை இழந்தவர். மகன்கள் டி. கல்லுப்பட்டிப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் தனியாக இங்கே மாட்டையும் எங்கள் வீட்டையும் பார்த்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னைத் தாயி என்றார். இருவருக்கும் நடுவே இருந்த வேலி கருவேலமுள்ளை வெட்டிக் குவித்து அடைத்தது. அதன் வழியே ஆள் தெரியாது, குரல் கேட்கும். அவர் தோட்டத்தில் நடப்பது கூடக் கேட்கும். தரையை ஓங்கி ஓங்கி மிதித்துத்தான் நடப்பார். மூட்டுவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குப் போகும் வேலை ஒவ்வொன்றும் சிறியது. எண்ணெய் காய்வதற்குள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தூறல் போட்டால் கொடியில் கிடக்கும் பிள்ளைத் துணி. அரிசி கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்ற வேண்டும். எல்லாம் போன சுவடு தெரியாமல் திரும்பிவிடக்கூடிய வேலைகள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் பிள்ளையை என்ன செய்வது என்று ஒரு தரம் நின்று யோசிப்பேன். கதவைத் திறந்து வைத்தால் பின்னாலேயே தவழ்ந்து வந்து படியில் உருண்டுவிடுவாள். தூக்கிக்கொண்டு போனால் ஒரு கைதான் மிச்சம். ஆகையால் கதவைச் சாத்தி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடுவேன். உள்ளே அழுவாள். அழுகிற சத்தம் கேட்கும்வரை பரவாயில்லை. நின்றுவிட்டால்தான் பயம். அடுப்பு மேலே மேடையில் இருக்கிறது, எட்டாது என்று தெரியும். தெரிந்தும் எட்டிவிட்டதோ என்று ஓடி வருவேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த ஓட்டம் முடியாமல் போயிற்று. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் தோட்டத்தின் வழியாகத்தான் கண்மாய்க்குப் போகும் போலிருக்கிறது. வெறுங்காலோடு போனால் கணுக்கால்வரை சேறு. கழுவாமல் அடுப்படிக்குள் வர முடியாது. கழுவும் நேரமெல்லாம் உள்ளே அழுகை. சரியாகக் கழுவாமல் வந்தால், என் காலில் வந்த மண் தரையில் கிடக்கும். தரையில் கிடப்பது எதுவும் அவள் வாய்க்குப் போகும். தோல் செருப்பு ஊறிப்போகும். கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் சேற்றை வாரிச் சேலையின் பின்பக்கமெல்லாம் அடித்தது.

அப்போதுதான் அது கிடைத்தது. பின்வாசலுக்கு மேலே கை எட்டும் உயரத்தில் சன்ஷேடு. ஒட்டடை அடிக்கும்போது அங்கே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. நீல வார். ஒரு வார் அடியில் கழன்று வராமல் ஊக்குக் குத்தியிருந்தது. ஜோடியை ஒழுங்காகச் சேர்த்து, சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். முன்பு குடியிருந்தவர்கள் மறந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று கழுவிப் போட்டுக்கொண்டேன். என் காலுக்கு அளவெடுத்தது போல இருந்தது. குதிகால் படும் இடத்திலும் பெருவிரல் படும் இடத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. என் குதிகாலும் விரலும் அதில் போய் உட்கார்ந்தன.

இரண்டொரு நாள்தான் போட்டிருப்பேன். வீட்டுக்காரம்மா மோர் கொண்டுவந்தவர் அடுப்படிப் பக்கம் வந்தார். நான் அடிபம்படியில் நின்றிருந்தேன். அவர் பேசிக்கொண்டே வந்து, என் காலைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டார். சொம்பைப் படியில் வைத்தார்.

"அது எங்ஙன கெடந்துச்சு?"

சன்ஷேடைக் காட்டினேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பொருளை எடுத்துக்கொண்டேனோ என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களுடையதா அக்கா என்று கேட்டேன்.

"முந்தி இருந்த புள்ளயோடது. கழட்டிரு தாயி. நீ வேற வாங்கிக்க." சற்றுப் பொறுத்து, "அந்தப் புள்ளயப் பூச்சி தொட்டுருச்சு" என்றார்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"போயிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சொம்பைக் கூட எடுக்காமல் போனார்.

இருட்டிய பிறகு பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. எங்கள் வீட்டிலும் சொல்வதுண்டு. ஆனால் அவர் சொன்னது பட்டப்பகலில். பகலில் பூச்சி என்றால் பூச்சிதான். நான் படித்தவள், ஏதோ சிலந்தியோ பூரானோ கடித்து, கால் புண்ணாகி, இந்த ஈரம் ஆகாதென்று குடும்பம் வீடு மாறிப் போயிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். ஒருவர் காலின் புண் செருப்பு வழியே இன்னொருவருக்கு ஒட்டும் என்று பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் படித்தது நினைவு வந்தது. வீட்டுக்காரம்மா அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நன்றியாகக் கூட இருந்தது. பினாயில் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவினேன். செருப்பை எறிய மனமில்லை. இன்னொருவர் பொருள், திரும்பக் கேட்டு வந்தால் என்ன சொல்வது? ஒரு சாக்கில் போட்டு விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

அதன் பிறகுதான் கடைகடையாக ஏறினேன். டவுன் ஹால் ரோட்டில் பெரிய கடையில் பெண்களுக்கு என்று காட்டியதெல்லாம் பக்கிள் வைத்தவை. ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கிளை எப்படிப் போடுவது? கான்வாஸ் ஷூ கல்யாண வீட்டுச் சமையல் துணி போலத் தண்ணீரைக் குடிக்கும். முழங்கால்வரை வரும் கம்பூட் ஒன்றை எடுத்துவந்தார்கள். சாக்கடை அள்ளுகிறவர்கள் போடுவது என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அதில் வெட்கமில்லை. அதைப் போட இரண்டு கையும் வேண்டும், அதுதான் தடை. மாசி வீதியில் ஒரு சின்னக் கடையில் இருந்தவர் என் தேவைகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு செருப்புக்கு இம்புட்டுக் கண்டிசனாக்கா? மாப்ள பாக்கயில கூட இம்புட்டுக் கேட்டுருக்க மாட்டீகளே."

மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை, அப்பாதான் பார்த்தார் என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவர் பரண் மேல் ஏறி ஒரு சாக்கைத் தள்ளினார். அதற்குள் இருந்தது நான் தேடியது. கறுப்பு ரப்பரில் ஒரே வார்ப்பாகச் செய்த ஷூ. கயிறு இல்லை, பக்கிள் இல்லை. கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும். வாய் அகலம். சாயப்பட்டறைக்காரர்கள் சாயத் தண்ணீரில் நிற்கும்போது போடுவதாம். ஆண்களுக்கான அளவில் ஆகச் சிறியதைத் தேடி எடுத்தார். ஒன்றின் ஓரத்தில் சுங்குடிச் சேலையின் அரக்குச் சாயம் ஒரு விரல் தடவியது போல இருந்தது. யாரோ வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பியது போலிருக்கிறது. மறுபடியும் இன்னொருவர் கால் பட்டதா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு வாங்கிவிட்டேன்.

மாலையில் என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டுக்குள் வர அனுமதி கேட்க வேண்டுமா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்றார். சொல்லட்டும். காலை நுழைத்தால் ஏறிற்று. சேற்றில் தொப் தொப் என்று நடந்தது. படியில் குதிகாலை இடித்தால் கழன்றது. உள்ளே கால் காய்ந்தே இருந்தது. அந்தக் காய்ந்த காலைப் பார்க்கும்போதெல்லாம் என் வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்தேன் என்று தோன்றும். என் மகள் அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டாள். தொப் தொப் நெருங்கினால் உள்ளே அழுகை நிற்கும்.

ஒரே தொந்தரவு, ஷூவைப் படியில் விட்டால் கதவு திறந்ததும் அவள் கை அதற்குள் போகும். அப்புறம் அந்தக் கை வாய்க்குள். அதனால் திரும்பி வந்ததும் கழற்றி, ஜோடியைச் சேர்த்து, சன்ஷேடில் சுவரை ஒட்டி வைத்துவிடுவேன். நானாகக் கண்டுபிடித்த வழி என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்காரம்மா அந்த ஷூவை வந்து பார்த்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, "கால மூடுதுல்ல, நல்லது" என்றார். "தட்டிட்டுப் போடு தாயி. தட்டாமப் போடாத." தேளுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

அந்த மாதத்தில் ஒரு நாள் இருவரும் மதுரைக்குப் போய்விட்டு ஒரே பஸ்ஸில் திரும்பினோம். என் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் இளவயதுக்காரர். வீட்டுக்காரம்மா இருவருக்கும் சேர்த்துப் புதுக்கோட்டை என்று டிக்கெட் கேட்டார்.

"எந்தப் புதுக்கோட்டக்கா? திருச்சிப் பக்கம் இருக்கே, அதா? இது அங்ஙன போகாது."

"நம்ம புதுக்கோட்டதான் தம்பி."

"நாகமலைன்னு சேத்துச் சொன்னா வாய் நோகுமா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகம் சாத்தின கதவு போல இருந்தது. உதடு உள்ளே மடிந்திருந்தது. அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று வாயைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. யோசித்துப் பார்த்தேன். குடிவந்ததிலிருந்து அவர் அந்த ஊரின் முழுப்பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மலையை மலை என்பார். நாகமலை என்றதில்லை. பகலிலும் இல்லை.

பூச்சி என்றார். பகலில். போயிருச்சு என்றார். வீட்டை விட்டு என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

காளவாசல் தாண்டிப் பஸ் மேற்கே திரும்பியதும் மலை முழு நீளத்துக்கும் தெரிந்தது. தினமும் பார்ப்பதுதான். தலை ஒரு பக்கம், உடல் நீளமாக, வால் எங்கோ முடியாமல். நான் மகளின் காலைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல், அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருந்ததா என்று கேட்டேன். அவர் என் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார்.

"இந்தா, இந்த வயசுதான்."

பிறகு நடந்துகொண்டே சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததாம். கறிவேப்பிலை பறிக்கப் போறேன்க்கா என்று அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னது இவருக்குக் கேட்டது. சற்றைக்கெல்லாம், முள்ளு குத்திருச்சுக்கா என்றதும் கேட்டது. பார்த்துப் போ தாயி என்று இவர் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கருவேலமுள் குத்தாத கால் இங்கே யாருக்கு இருக்கிறது? அந்தப் பெண் திரும்பி வந்து, தாழ்ப்பாளைத் திறந்து, தாளித்துக் கொட்டி, குழந்தைக்குச் சோறு பிசைந்திருக்கிறாள். ஊட்டவில்லை. குழந்தை விடாமல் அழுகிறதே என்று இவர் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். காலில் பார்த்ததும் இவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப் போய் வேப்பிலையை உருவிக்கொண்டு வந்து வாயில் கொடுத்து மெல்லச் சொன்னார். விஷம் ஏறிவிட்டால் வேம்பு கசக்காது என்பார்கள்.

"'கசக்குதா தாயி'ன்னேன். 'இனிக்குதுக்கா'ன்னுச்சு."

வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார்களாம். காளவாசல் தாண்டவில்லை.

"அது உடுத்துனது, பாயி, தலகாணி எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டோம். செருப்பத்தான் காணோம். எம்புட்டோ தேடுனோம். கால்ல போட்டுட்டுப் போன செருப்பு எங்ஙன போகும்னு நெதமும் நெனப்பேன். அங்கிட்டு வச்சுருக்கும்னு தெரியலயே."

ஏன் அங்கே வைத்தாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. காலில் விஷம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, வலியோடு, ஜோடியைச் சேர்த்து, பிள்ளையின் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே போயிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் விறகுக்குப் பின்னாலிருந்த சாக்கை எடுத்து, செருப்பைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை சன்ஷேடைப் பார்த்தேன். அங்கே என் கறுப்பு ஷூ, ஜோடி சேர்ந்து, சுவரை ஒட்டி இருந்தது.

வேறு வீடு பார்க்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். எந்த வீட்டில் யார் சாகவில்லை என்றார். வேலைக்குப் பக்கத்தில், தண்ணீர் வசதியோடு இன்னொரு வீடு இல்லை என்பது எனக்கும் தெரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்தில் இருந்த புதரையெல்லாம் வெட்டினார், எலி வளைகளில் கல்லை அடைத்தார்.

ஆனாலும் நான் தோட்டத்துக்குப் போவதைக் குறைத்தேன். கறிவேப்பிலை இல்லாமல் தாளித்தேன். தாழ்ப்பாள்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நான் தோட்டத்தில் விழுந்துவிட்டால், உள்ளே இருப்பவளை யார் திறந்து எடுப்பார்கள்? தாழ்ப்பாள் போடாவிட்டால் அவள் என்னைத் தேடி நான் விழுந்து கிடக்கும் இடத்துக்கே வருவாள். தூக்கிக்கொண்டு போனால் இருவரும். மூன்றில் எதுவும் சரியில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, எண்ணெய் புகைந்ததும் அடுப்பை அணைத்த நாட்கள் உண்டு. அந்தப் பெண் இப்படி யோசித்திருக்க மாட்டாள். அவளுக்கு நடந்தது யோசிக்காததாலும் அல்ல. இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும்.

கடைசியில் செய்தது மிகச் சாதாரணம். போகும்போது வேலியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது. முதல் நாள், தோட்டத்துக்குப் போறேன்க்கா என்றேன். அந்தப் பக்கம் உரல் சத்தம் நின்றது.

"போறேன்னு சொல்லாத. வாரேன்னு சொல்லு."

ஊருக்குக் கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம்தான். நாலு எட்டு நடந்து கறிவேப்பிலை பறிப்பதற்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. நாங்கள் சொன்னோம். வாரேன்க்கா என்பேன். ம், வா என்பார். திரும்பி வந்து தாழ்ப்பாளைத் திறந்ததும், வந்துட்டேன்க்கா என்பேன். உரல் மறுபடி கேட்கும். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் இடிக்காமல் நிற்கிறார் என்பது எனக்குப் பல நாள் கழித்தே தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். வெயில் அடிக்கிறதே என்று பிள்ளைத் துணி அத்தனையும் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். மலைப்பக்கம் இருட்டி, காற்று கிளம்பிவிட்டது. ஷூவை எடுத்துத் தட்டினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். வாரேன்க்கா, துணி எடுக்க என்றேன். ம் என்று கேட்டது. உள்ளே அழுகை தொடங்கிவிட்டது.

துணிகளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டே கொடி ஓரமாகப் போனேன். கடைசித் துணி வேலியோரம். மழை பெரிய பெரிய சொட்டாக விழுந்தது. அங்கே மண்ணெல்லாம் இலையும் குச்சியும் தண்ணீருமாகக் கிடந்தது. எதன் மேல் மிதிக்கிறேன் என்று தெரியவில்லை. வலது கால் பாதத்தின் உள்பக்கம் சுருக்கென்று ஏறியது. ரப்பரைத் தாண்டி ஏறியது.

"ஐயோ, முள்ளு" என்றேன்.

யாருக்கும் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. நான் துணிக் குவியலோடு நின்றுகொண்டிருந்தேன். காலைத் தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காதவரை அது முள். கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. முதலில் அதைத் திறந்துவிட வேண்டும், எனக்கு எது நடந்தாலும் அது திறந்திருக்க வேண்டும் என்று படியை நோக்கி நடந்தேன். ஓடக் கூடாது, ஓடினால் ஏறும் என்று எங்கோ படித்திருந்தேன். நடந்தேன். தொப், தொப். உள்ளே அழுகை நின்றது. சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

தாழ்ப்பாளை நான் திறக்கும்போது வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். தெரு வழியாகச் சுற்றி வரவில்லை. வேலியை மார்பால் தள்ளிப் பிளந்துகொண்டு வந்திருந்தார். கை முழுக்கக் கீறல், மழையில் இரத்தம் கரைந்து ஓடியது. காலில் ஒன்றுமில்லை. கணுக்கால்வரை சேற்றில், வெறுங்கால். என்னைப் பிடித்துப் படியில் உட்கார்த்தி ஷூவைக் கழற்றினார்.

"ஒண்ணா, ரெண்டா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என் பாதத்தை மடியில் வைத்து, முந்தானையால் துடைத்து, முகத்தை அருகில் கொண்டுபோனார்.

"ஒண்ணுதான்" என்றார். மறுபடி துடைத்தார். "ஒண்ணுதான தாயி? நீயும் பாரு."

ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. பல் பட்டிருந்தால் இரண்டு இருக்கும். பிறகு ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம், சாயம் தடவியிருந்த ஓரத்துக்குக் கீழே, கருவேலமுள் ஒடிந்து நின்றிருந்தது. அதன் நுனி உள்ளே நெல்லளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகும் நம்பவில்லை. எழுந்து போனார், வேப்பிலைக் கொத்தோடு வந்தார். முன்பென்றால் எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தேன்.

"கசக்குதா?"

கசந்தது. மெல்ல மெல்ல இன்னும் கசந்தது. தலையாட்டினேன். வாயைத் திறந்து சொல்லு என்றார். கசக்குதுக்கா என்றேன். அந்தக் கசப்பைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை. துப்பிவிட்டால் அடுத்த வாய் எப்படி இருக்குமோ என்றிருந்தது. அவர் என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் தவழ்ந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினாள். துணியெல்லாம் சேற்றில் கிடந்தது. மழை அதன் மேல் பெய்தது. யாரும் எடுக்கவில்லை.

நேரம் கழித்து, மாடு நனைகிறது என்று எழுந்தார். வெறுங்காலோடு அந்த வேலிச் சந்துக்குள் மறுபடி போகப் பார்த்தார். நான் விடவில்லை. முள்ளைப் பிடுங்கிவிட்டு என் ஷூவை அவர் முன்னால் வைத்தேன். எனக்கு எதுக்குத் தாயி இதெல்லாம் என்றார். போட்டாலொழியப் போகக் கூடாது என்றேன். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. இப்போதுதான் என் காலிலிருந்து கழன்ற ஷூ. உள்ளே என் காலின் சூடு கூட இருந்திருக்கும். ஆனாலும் அவர் இரண்டையும் எடுத்துப் படியில் கவிழ்த்துத் தட்டினார். பிறகு போட்டுக்கொண்டார். அவருக்குச் சற்று இறுக்கம்.

"வாரேன்" என்றார்.

தொப் தொப் என்று தெருப்பக்கம் சுற்றிக்கொண்டு போனார். ஓங்கி மிதித்தார். அந்தச் சத்தம் மழையில் மறைந்த பிறகும் நான் பின்வாசலில் நின்றேன், மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வாயில் கசப்போடு, வேலியைப் பார்த்துக்கொண்டு. அவர் போய்ச் சேர ஆகும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் ஆகிவிட்டதா, ஆகவில்லையா என்று தெரியவில்லை. அக்கா என்று கூப்பிடலாமா, கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"வந்துட்டேன்."

மறுநாள் ஷூவைக் கழுவிச் சன்ஷேடில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் கொடுத்தால் அந்த ஓட்டையை அடைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இருந்த மிச்ச மழைக்காலமெல்லாம் அதைத்தான் போட்டேன். தண்ணீரில் கால் வைத்ததும் உள்பக்கம் ஒரே ஒரு இடத்தில், ஊசி முனையளவு, குளிர்ந்து ஏறும். ஒவ்வொரு முறையும் நின்று, அது தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பேன்.